பத்து மைக்ரோ விநாடியை அளப்பது எப்படி?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. எவ்வளவு சிறியது? ஒரு விநாடியை ஒரு லட்சம் கூறு போடுங்கள். அதில் ஒரே ஒரு கூறு. பத்து மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் என் குரல் இந்த மைக்கை நோக்கி ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். ஒளியோ மூன்று கிலோமீட்டர் ஓடிப் போயிருக்கும். அவ்வளவு நேரம் மட்டும் ஒரு கம்பியில் மின்னழுத்தம் எழுந்து நிற்க வேண்டும். சொன்ன நேரத்தில் விழுந்துவிட வேண்டும். இதைத்தான் பல்ஸ் என்கிறோம், துடிப்பு என்கிறோம். வீட்டு மேசையில், கையில் இருக்கும் சாமான்களை வைத்து, இப்படி ஒரு துடிப்பைச் சரியான நீளத்தில் உண்டாக்குவது எப்படி? அதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கேள்வி. இது யாருக்கு வேண்டும்? உங்களுக்கு வேண்டும். தடை வந்தால் விலகிப் போகும் ரோபோ வண்டி செய்திருப்பீர்கள். அதன் நெற்றியில் இரண்டு கண் போல ஒட்டியிருக்குமே, எச்.சி.எஸ்.ஆர். 04 என்ற அல்ட்ராசானிக் சென்சார், அதைக் கூவ வைக்கப் பத்து மைக்ரோ விநாடித் துடிப்பு ஒன்று கொடுக்க வேண்டும். விமானம் ஓட்டும் பிள்ளைகள் சர்வோ மோட்டார் வைத்திருப்பீர்கள். இருபது மில்லி விநாடிக்கு ஒருமுறை, ஒன்றிலிருந்து இரண்டு மில்லி விநாடி நீளத்தில் ஒரு துடிப்பு வந்தால்தான் அது கழுத்தைத் திருப்பும். நவராத்திரிக் கொலுவுக்கு வண்ண விளக்குச் சரம் மாட்டுகிறீர்கள். டபிள்யூ.எஸ். 2812பி என்று அந்தப் பொடி எல்.இ.டி.க்குப் பெயர். அதற்குச் சொல்லப்படும் ஒவ்வொரு செய்தியும் துடிப்பின் நீளத்தில்தான் இருக்கிறது. 0.4 மைக்ரோ விநாடி நின்றால் சுழி; 0.8 நின்றால் ஒன்று. இதில் 0.15 மைக்ரோ விநாடிக்கு மேல் ஏறி இறங்கினால் பச்சை வர வேண்டிய இடத்தில் ஊதா வந்து நிற்கும்.

மூன்று சாமான் சொன்னேன். மூன்றுக்கும் ஒரே அளவு துல்லியம் வேண்டுமா? இங்கேதான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறோம். அந்த அல்ட்ராசானிக் சென்சார் கேட்பது குறைந்தபட்சம் பத்து. பதினைந்து கொடுத்தாலும் கோபித்துக்கொள்ளாது. அங்கே போய் பத்து என்றால் பத்துதான் என்று ஒரு வாரம் உட்கார்ந்து போராடுவது வீண் வேலை. ஆனால் அதே சென்சார் திருப்பித் தருகிற எதிரொலித் துடிப்பு இருக்கிறதே, அதில் 58 மைக்ரோ விநாடி ஒரு சென்டிமீட்டர். அதை அளக்கும்போது கவனம் வேண்டும். சர்வோவில் ஒரு மில்லி விநாடி வித்தியாசத்துக்குச் சுமார் தொண்ணூறு டிகிரி திருப்பம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிகிரிக்குப் பதினோரு மைக்ரோ விநாடி. நடுநிலையான ஒன்றரை மில்லி விநாடியில் ஒரு சதவீதம் பிசகினால், பதினைந்து மைக்ரோ விநாடி, ஒரு டிகிரிக்கு மேல் கழுத்து சாய்ந்துவிடும். பொம்மைக்குச் சரி. விமானத்துக்கு? யோசிக்க வேண்டும்.

ஆகவே, நண்பர்களே, துல்லியம் என்பதைப் பொதுவாகப் பேசாதீர்கள். எத்தனை மைக்ரோ விநாடி, எத்தனை சதவீதம் முன்பின் போகலாம் என்று இரண்டு எண்ணாகப் பேசுங்கள்.

சரி, துடிப்பை உண்டாக்குவோம். நம் முன்னோர் நாழிகை வட்டில் வைத்திருந்தார்கள். அடியில் பொடித் துளை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். நீர் ஏறி ஏறி, நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை, இருபத்து நான்கு நிமிடம். துளை சிறிதானால் நேரம் கூடும், கிண்ணம் பெரிதானாலும் நேரம் கூடும். நம் மேசையில் துளை என்பது ரெசிஸ்டர். கிண்ணம் என்பது கெபாசிட்டர். நீர் என்பது மின்னூட்டம். கிண்ணம் இன்ன மட்டத்தைத் தொட்டது என்று கண்காணித்து, தொட்டவுடன் கவிழ்த்து, மறுபடி காலியாக வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் 555.

இந்த 555 என்ற ஐ.சி.யைத் தெரியாதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். ஆனால் அதைச் செய்தவரைத் தெரியுமா? ஹான்ஸ் காமன்சிண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். அமெரிக்காவில், சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக ஒப்பந்த அடிப்படையில் 1971இல் இதை வடிவமைத்தார். அடுத்த ஆண்டு சந்தைக்கு வந்தது. முதலில் அவர் போட்ட வடிவத்தில் கெபாசிட்டரை நிரப்புவதற்குச் சீரான மின்னோட்டம் தரும் தனிச் சுற்று ஒன்று உள்ளே இருந்தது. அதனால் ஒன்பது கால் தேவைப்பட்டது. எட்டுக் கால் கூட்டில் ஒன்பது கால் எப்படி அடங்கும்? பதினான்கு கால் கூட்டுக்குத்தான் போக வேண்டும். வடிவத்தை எல்லோரும் பார்த்துச் சரி என்று தலையாட்டியும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு சில நாளில் அவருக்குத் தோன்றியது: சீரான மின்னோட்டம் எதற்கு, வெறும் ரெசிஸ்டர் ஒன்று போதாதா? போதும் என்று கண்டார். ஒரு கால் குறைந்தது. எட்டுக் கால் கூட்டுக்குள் அடங்கியது. அரை நூற்றாண்டு தாண்டியும் அது கடையில் கிடைக்கிறது.

வெறும் ரெசிஸ்டர் எப்படிப் போதும்? இதுதான் அந்த ஐ.சி.யின் அழகு. உள்ளே மூன்று சம ரெசிஸ்டர்களை வரிசையாக வைத்து, சப்ளை வோல்ட்டை மூன்று பங்காகப் பிரித்திருக்கிறார். கீழ்க்கோடு மூன்றில் ஒரு பங்கு. மேற்கோடு மூன்றில் இரண்டு பங்கு. ஒன்பது வோல்ட் பாட்டரி போட்டால் கெபாசிட்டர் ஆறு வோல்ட் ஏறும் வரை துடிப்பு நிற்கும். பன்னிரண்டு வோல்ட் போட்டால் எட்டு வோல்ட் வரை ஏற வேண்டும். சப்ளை கூடியதால் கெபாசிட்டர் வேகமாக ஏறுகிறது, உண்மை. ஆனால் தொட வேண்டிய கோடும் அதே விகிதத்தில் மேலே போய்விட்டது. நேரம் மாறுமா? மாறாது! பாட்டரி ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்கட்டும். நேரம் அப்படியே நிற்கும். சுழியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நிரம்ப எடுக்கும் நேரம், ரெசிஸ்டர் பெருக்கல் கெபாசிட்டர் பெருக்கல் 1.0986. நாம் எல்லோரும் 1.1 என்று மனப்பாடம் செய்திருப்பது இந்த எண்ணைத்தான்.

கணக்குப் போடுவோம். 15 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1 நானோஃபாரட் கெபாசிட்டர். பெருக்கினால் 15 மைக்ரோ விநாடி, 1.1ஆல் பெருக்கினால் 16.5. அல்ட்ராசானிக் சென்சாருக்கு இது தாராளம். அப்படியானால் 9.1 கிலோ ஓம் போட்டுச் சரியாகப் பத்துக்கு இறக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். காகிதத்தில் இறக்கலாம். மேசையில் அங்கேதான் வம்பு.

என்ன வம்பு? துடிப்பைத் தொடங்கச் சொல்லி இரண்டாம் காலை முழுக்கக் கிரவுண்டுக்கு இழுத்துவிட்டால், உள்ளே இருக்கும் ஒப்பீட்டுச் சுற்று அந்த அதிர்ச்சியிலிருந்து மீளப் பத்து மைக்ரோ விநாடி வரைகூட எடுத்துக்கொள்ளும். பழைய பைபோலார் வகை 555இன் டேட்டாஷீட்டிலேயே இது எழுதியிருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை. ஆகையால் பத்துக்குக் கீழே அந்த ஐ.சி.யைக் கூப்பிடாதீர்கள். சீமாஸ் வகையில் 7555, டி.எல்.சி. 555, எல்.எம்.சி. 555 என்று தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேகமும் அதிகம், கெபாசிட்டரிடம் பிடுங்கும் மின்னோட்டமும் மிகக் குறைவு.

இரண்டாம் காலைப் பற்றி இன்னொன்று. பட்டனை அழுத்தித் துடிப்புக் கேட்கிறீர்கள். விரல் எவ்வளவு நேரம் பட்டனில் இருக்கும்? எவ்வளவு வேகக்காரர் ஆனாலும் பல மில்லி விநாடி இருக்கும். இரண்டாம் கால் கீழே இருக்கும் வரை 555 வெளிவாசலை மூடாது. பதினாறரை மைக்ரோ விநாடி கேட்டவருக்குக் கிடைப்பது விரலின் நீளம்! பட்டனுக்கும் இரண்டாம் காலுக்கும் நடுவே ஒரு சிறிய கெபாசிட்டரைப் போட்டு, காலைப் பத்து கிலோ ஓம் வழியாகச் சப்ளையோடு கட்டி வையுங்கள். விரல் எவ்வளவு நேரம் இருந்தாலும், உள்ளே போவது ஒரு கிள்ளல் மட்டும்தான். அந்தக் கிள்ளல் நாம் கேட்கும் துடிப்பைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். பதினாறரை மைக்ரோ விநாடிக்கு நூறு பிக்கோஃபாரட் போதும். பட்டனை விடும்போது அந்தக் கால் சப்ளைக்கு மேலே துள்ளாமல் இருக்க ஒரு டையோடு, ஐந்தாம் காலில் கிரவுண்டுக்கு ஒரு 0.01 மைக்ரோஃபாரட், சப்ளைக் காலை ஒட்டி ஒரு 0.1. ஐந்தாம் காலைச் சும்மா விடுவோர் நிறைய. மேற்கோட்டை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் கால் அது. அதில் இரைச்சல் ஏறினால் கோடு ஆடும். கோடு ஆடினால் நேரம் ஆடும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். துடிப்பு சரியாக வரவில்லை என்றால் உடனே நாம் யாரைத் திட்டுகிறோம்? ஐ.சி.யை. "டூப்ளிகேட் ஐ.சி. கொடுத்துட்டான் சார்!" நான் கேட்கிறேன், கெபாசிட்டரைப் பார்த்தீர்களா? ஒரு நல்ல 555 தன் பங்குக்குச் செய்யும் பிழை பெரும்பாலும் ஒரு சதவீத அளவில்தான் இருக்கும். அதற்கு வெளியே நீங்கள் மாட்டிய கெபாசிட்டர் செய்யும் பிழை? இருபது சதவீதம் இருக்கலாம். எண்பதும் இருக்கலாம்!

சென்னை ரிச்சி தெருவில் போய், "ஒன் நாட் த்ரீ பத்து கொடுங்க" என்று கேட்கிறோம். வட்டப் பொட்டு போல, பழுப்பு நிறத்தில் பத்து விழுகிறது. 103 என்று அச்சடித்திருக்கும், 0.01 மைக்ரோஃபாரட் என்று புரிந்துகொள்கிறோம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கிறதே, அதை யாராவது படிக்கிறோமா? அந்த எழுத்தில்தான் உங்கள் நேரம் இருக்கிறது. ஜே என்றிருந்தால் ஐந்து சதவீதம் முன்பின். கே என்றால் பத்து. எம் என்றால் இருபது. இஸட் என்றிருந்தால்? கீழே இருபது, மேலே எண்பது! அதாவது நூறு கேட்டவருக்கு நூற்று எண்பதும் கிடைக்கலாம், எண்பதும் கிடைக்கலாம். இரண்டுமே கம்பெனிக் கணக்கில் நல்ல சரக்கு. சப்ளையை வடிகட்டுவதற்கு இந்த இஸட் அருமையான பொருள். நேரம் அளக்க வைத்தால் குற்றம் கெபாசிட்டருடையதா, வைத்தவருடையதா?

எழுத்தோடு கதை முடியவில்லை. உள்ளே இருக்கும் பீங்கான் என்ன ஜாதி என்றும் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் மட்டும் ஜாதி பார்க்கலாம், தவறில்லை. இதோ மேசையில் பாருங்கள். ஸ்கோப்பின் படம் பெரிய திரையிலும் தெரிகிறது. 555, 10 கிலோ ஓம், ஒய்5வி வகைப் பீங்கான் 103. கணக்குப்படி 110 மைக்ரோ விநாடி வர வேண்டும். அந்த அளவில்தான் நிற்கிறது. இப்போது சூடான சோல்டரிங் அயர்னைக் கெபாசிட்டருக்குப் பக்கத்தில் கொண்டு போகிறேன். தொடவில்லை, பக்கத்தில் மட்டும். கோட்டின் வலது முனையைக் கவனியுங்கள். உள்ளே வருகிறது... வருகிறது... பாதிக்கும் கீழே போய்விட்டது. ஐ.சி. அதேதான். ரெசிஸ்டர் அதேதான். சூடு பட்டது அந்தப் பொட்டுக்கு மட்டும். ஒய்5வி வகை 85 டிகிரியில் தன் கொள்ளளவில் 82 சதவீதம் வரை இழக்கலாம் என்று அதன் தர விவரமே அனுமதி கொடுக்கிறது. நம் ஊர்க் கத்திரி வெயிலில், தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சர்க்யூட்டை நினைத்துப் பாருங்கள்.

அதே இடத்தில் இப்போது வேறொன்று மாட்டுகிறேன். இதுவும் பீங்கான்தான், என்.பி. சுழி என்பார்கள், சி-0-ஜி என்றும் எழுதியிருக்கும். அயர்னைக் கொண்டு போகிறேன். முனை அசைகிறதா? உற்றுப் பாருங்கள். அசையவில்லை. ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் முப்பது பங்குதான் இது மாறும். அறுபது டிகிரி ஏற்றினாலும் ஆயிரத்தில் இரண்டு பங்கு ஆகாது. எக்ஸ்7ஆர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மத்தியஸ்தர். பத்து, பதினைந்து சதவீதம் போனால் போகட்டும் என்றால் அவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் மேல் ஏறும் வோல்ட் கூடினால் அவருடைய கொள்ளளவும் சுருங்கும். நேரம் அளக்கும்போது வோல்ட் ஏறிக்கொண்டேதானே இருக்கிறது? பிளாஸ்டிக் ஃபிலிம் வகையில் பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் இரண்டும் நேரத்துக்கு நல்லவை. உருவம்தான் கொஞ்சம் பெரிது. எலக்ட்ரோலிட்டிக் பற்றிப் பேசவே வேண்டாம், நம் அளவுக்கு அது அண்டா.

ரெசிஸ்டர் பக்கம் அவ்வளவு தொல்லை இல்லை. கார்பன் ஃபிலிமை விட்டு ஒரு சதவீத மெட்டல் ஃபிலிமுக்குப் போய்விட்டால் பாதிக் கவலை தீரும். மீதிக் கவலைக்கு ஒரு பிரிசெட். ஆனால் பிரிசெட்டை எப்படிப் போடுவது? 9.1 கிலோ ஓம் வேண்டும் என்றால் 20 கிலோ பிரிசெட்டைப் போட்டு நடுவில் திருகி வைப்பது நம் வழக்கம். வேண்டாம். 8.2 கிலோ மெட்டல் ஃபிலிமை நிலையாக வைத்து, அதனோடு தொடராக 2 கிலோ மல்ட்டி-டர்ன் பிரிசெட்டைப் போடுங்கள். பிரிசெட் ஆட்டம் காட்டினாலும் அதன் கை எட்டுவது பத்தில் ஒரு பங்குக்குத்தான்.

இன்னும் குட்டையான துடிப்பு வேண்டுமா? ஒரு மைக்ரோ விநாடி? அரை மைக்ரோ விநாடி? இதற்கென்றே பிறந்த மானோஸ்டேபிள் ஐ.சி.க்கள் உண்டு. பழைய டி.டி.எல். காலத்து 74121 நாற்பது நானோ விநாடி வரை இறங்கும். அதன் கணக்கு 0.7 பெருக்கல் ஆர் பெருக்கல் சி. சீமாஸில் 4538, அதில் பெருக்கக்கூட வேண்டாம், ஆர் பெருக்கல் சி-தான் நேரம். ஆனால் அதே 4538ஐ எச்.சி. குடும்பத்தில் வாங்கினால் கணக்கு 0.7 ஆகிவிடும். எண் அதேதான், கால்கள் அதே வரிசைதான், நேரம் மட்டும் முப்பது சதவீதம் குறைகிறது. பழைய ஐ.சி.யைப் பிடுங்கிப் புதியதை மாட்டிவிட்டு, ஏன் எல்லாம் குழம்புகிறது என்று தலையைச் சொறிவோருக்கு இந்த வரி.

இந்த அளவுக்கு இறங்கும்போது பிரெட்போர்டே நமக்கு எதிரி. பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு நடுவே ஓரிரு பிக்கோஃபாரட் கொள்ளளவு தானாகவே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் போடும் கெபாசிட்டர் 1,000 பிக்கோ என்றால் அது கண்ணுக்கே தெரியாது. 20 பிக்கோ என்றால்? பத்தில் ஒரு பங்கு உங்களைக் கேட்காமலே சேர்ந்துவிட்டது. ரெசிஸ்டரைக் குறைத்து, கெபாசிட்டரைப் பெரிதாக வையுங்கள். குட்டைத் துடிப்புக்குக் கெபாசிட்டரைச் சிறிதாக்கிக்கொண்டே போவது நம் கை வழக்கம். அந்த வழக்கம்தான் பல பேரைக் கவிழ்க்கிறது.

இதுவரை சொன்னது நிரப்பி அளக்கும் வழி. இன்னொரு வழி இருக்கிறது. எண்ணி அளப்பது. குவார்ட்ஸ் கிரிஸ்டல் விநாடிக்கு இத்தனை முறை என்று பிசகாமல் அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணிக்கொண்டே போய், எண் வந்ததும் நிறுத்து. கைக்கடிகாரத்தில் இருப்பது 32,768 அதிர்வு. பதினைந்து முறை பாதி ஆக்கினால் ஒரு விநாடி. சாதாரணக் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால், ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் விநாடி. எந்தக் கெபாசிட்டர் இதற்குப் பக்கத்தில் வந்து நிற்க முடியும்?

உடனே எல்லோர் கையும் ஆர்டுயினோ பக்கம் போகும். போகட்டும். ஆனால் ஒரு சின்னச் செய்தி. ஆர்டுயினோ யூனோ பலகையில் பளபளவென்று ஒரு வெள்ளித் தகரக் கூடு தெரிகிறதே, அந்தக் கிரிஸ்டல் உங்கள் புரோகிராம் ஓடும் சிப்புக்கு உரியது இல்லை. அது யு.எஸ்.பி. பேசும் சிப்புக்கு. உங்கள் புரோகிராமை ஓட்டும் ஏ.டி.மெகா 328பி-க்குத் தாளம் போடுவது பக்கத்தில் இருக்கும் பொடிப் பீங்கான் ரெசனேட்டர். அந்த வகைக்கு அரை சதவீதம் வரை பிசகு சாதாரணம். அரை சதவீதத்தில் கடிகாரம் செய்தால் ஒரு நாளைக்கு ஏழு நிமிடம் போய்விடும். பத்து மைக்ரோ விநாடித் துடிப்புக்கு அது போதும், கடிகாரத்துக்குப் போதாது.

அந்தச் சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு தாளத்துக்கு 62.5 நானோ விநாடி. அப்படியானால் பத்து மைக்ரோ விநாடி என்பது 160 தாளம். எளிதுதானே? டிஜிட்டல்-ரைட் என்ற கட்டளையில் காலை மேலே தூக்கி, டிலே-மைக்ரோசெகண்ட்ஸில் பத்து என்று எழுதி, மறுபடி டிஜிட்டல்-ரைட்டில் கீழே போட்டால் முடிந்தது. முடிந்ததா? அந்த டிஜிட்டல்-ரைட் கட்டளையே சில மைக்ரோ விநாடியைத் தின்றுவிடும். எந்தக் கால், எந்தப் போர்ட், அதில் டைமர் ஓடுகிறதா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் அது வேலை செய்யும். போர்ட் ரெஜிஸ்டரில் நேராக எழுதினால் இரண்டே தாளம், 125 நானோ விநாடி.

சரி, நேராக எழுதிவிட்டோம். இப்போது ஸ்கோப்பைப் பாருங்கள். துடிப்பு நன்றாக நிற்கிறது. ஆனால் அவ்வப்போது வலது முனைக்கு அப்பால் மங்கலாக ஒரு கோடு வந்து வந்து மறைகிறதே, என்ன அது? யார் வந்து நடுவில் கையை வைப்பது? மில்லிஸ் என்ற கணக்கைப் பராமரிக்க, அந்தச் சிப்புக்குள் ஒரு டைமர் 1.024 மில்லி விநாடிக்கு ஒருமுறை இன்டரப்ட் கொடுக்கிறது. சிப் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி, சில மைக்ரோ விநாடி கழித்துத் திரும்பி வருகிறது. அந்தக் கூப்பாடு நம் துடிப்பின் நடுவே விழுந்தால் துடிப்பு அந்த அளவுக்கு நீண்டுவிடும். நம் துடிப்பு பத்து. கூப்பாடு 1,024க்கு ஒன்று. ஆக, நூறு துடிப்பில் ஏறக்குறைய ஒன்று கெட்டுப்போகும். தொண்ணூற்றொன்பது சரியாக இருந்து ஒன்று கெடுகிறதே, இதைப் போல ஆளைச் சுற்ற விடும் கோளாறு வேறில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சத்தியம் செய்வோம். விளக்குச் சரம் மட்டும் ஓயாமல் கண் சிமிட்டும்.

என்ன செய்யலாம்? துடிப்பின் நேரத்துக்கு மட்டும் இன்டரப்டை மூடி வைக்கலாம். அதைவிட நல்ல வழி, வேலையைப் புரோகிராமிடம் கொடுக்காமல் சிப்பின் உள்ளே இருக்கும் வன்பொருள் டைமரிடமே ஒப்படைத்துவிடுவது. டைமர்-1 தானே எண்ணி, எண் வந்ததும் ஒன்பதாம் காலைத் தானே மாற்றும். புரோகிராம் எங்கே ஓடினாலும் அதற்குக் கவலை இல்லை. ராஸ்பெரி பை பிக்கோவில் பி.ஐ.ஓ. என்று இதற்கென்றே குட்டிப் பணியாளர்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள். 125 மெகாஹெர்ட்ஸில் ஒரு தாளம் எட்டு நானோ விநாடி. என் தீர்ப்பைக் கேட்டால், இன்று புதிதாகத் தொடங்குகிற மாணவருக்குக் குட்டைத் துடிப்புப் படிக்க இதைவிட நல்ல பலகை இல்லை. அதே பெயருள்ள பெரிய ராஸ்பெரி பை, லினக்ஸ் ஓடுவது, அதில் வெறும் புரோகிராமை வைத்து மைக்ரோ விநாடி அளக்கப் போகாதீர்கள். அங்கே நமக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் ஏராளம்.

அப்படியானால் 555ஐத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாமா? பொறுங்கள்! எண்ணும் வழிக்கும் ஒரு குறை உண்டு. வெளியிலிருந்து ஒரு சிக்னல் வந்து, அது வந்த கணத்தில் துடிப்பு தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இரண்டு தாளத்துக்கு நடுவில் வந்தால் அடுத்த தாளம் வரை காத்திருக்க வேண்டும். நீளம் துல்லியமாக இருக்கும். தொடக்கம் ஒரு தாள அளவுக்கு முன்பின் ஆடும். மானோஸ்டேபிளுக்கு அந்த ஆட்டம் இல்லை. அதற்குத் தாளமே கிடையாது, தட்டினால் திறக்கும். தொடக்கம் முக்கியமா, நீளம் முக்கியமா? தொடக்கம் என்றால் நிரப்பி அளவுங்கள். நீளம் என்றால் எண்ணி அளவுங்கள்.

கடைசியாக, அளந்து பார்ப்பது பற்றிச் சுருக்கமாக. ஸ்கோப் காட்டுவதெல்லாம் வேதவாக்கு இல்லை. 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் எவ்வளவு செங்குத்தான ஏற்றத்தைக் கொடுத்தாலும் அது 17.5 நானோ விநாடி சாய்வாகத்தான் வரையும், 0.35ஐ ஸ்கோப்பின் அலைவரிசை அகலத்தால் வகுத்தால் வரும் எண் அது. புரோபோடு வரும் முதலைக் கிளிப் கிரவுண்டு ஒயர் ஒரு சாண் நீளம் இருக்கிறதே, அதை மாட்டினால் துடிப்பின் தலையில் ஒரு குடுமி ஆடும். அது உங்கள் சர்க்யூட்டில் இல்லை, அந்த ஒயரில் இருக்கிறது. புரோப் முனையை ஒட்டிச் சின்ன ஸ்பிரிங் கிரவுண்டைப் போடுங்கள், குடுமி போய்விடும். அமெரிக்காவில் ஜிம் வில்லியம்ஸ் என்ற பெரிய அனலாக் பொறியாளர் இருந்தார், 2011இல் மறைந்தார். ஒரு சாதாரண 2என்2369 டிரான்சிஸ்டருக்குத் தொண்ணூறு வோல்ட் கொடுத்து, அதை அவலாஞ்சில் உடைய வைத்து, 350 பிக்கோ விநாடியில் எழுகிற துடிப்பை உண்டாக்கினார். எதற்கு? ஸ்கோப்பையே சோதிக்க! 1991இல் எழுதிய குறிப்பில் படத்தோடு கொடுத்திருக்கிறார். துணிந்தவர்கள் செய்து பாருங்கள். ஆனால் தொண்ணூறு வோல்ட்டில் கை வைக்காதீர்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் மேசைப் பக்கம் வாருங்கள். 555 ஒன்று, பிக்கோ ஒன்று, இரண்டும் பத்துப் பன்னிரண்டு மைக்ரோ விநாடியில் ஓடிக்கொண்டிருக்கும். புரோபை நீங்களே பிடித்துப் பார்க்கலாம். கெபாசிட்டர் அளக்கும் மீட்டரும் வைத்திருக்கிறேன். சட்டைப் பையிலும் டப்பாவிலும் கெபாசிட்டர் வைத்திருப்பவர்கள் அதை எடுத்து, 103க்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று முதலில் படித்துவிட்டு, பிறகு வரிசையில் நில்லுங்கள்.